மணக்கு என்றாள்

செப்டம்பர் 12, வியாழன்

இன்று இரண்டு லோடு மரம் வந்தது. ஒரகடத்தில் கார் பாகங்கள் கப்பலில் வந்து இறங்குகிற பைன் மரப் பெட்டிகள்தான். உள்ளே இருந்த கியரையும் பேரிங்கையும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பெட்டியை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஆணி பிடுங்கி, சீவி, நீராவியில் வேகவைத்து எண்ணெய் வடிக்கிறோம். எங்கேயோ ஐரோப்பாக் காட்டில் பனியில் நின்ற மரம் பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் வந்து ஃபினாயில் ஆகிறது. மரத்துக்கும் தலையெழுத்து உண்டு போல.

சாயங்காலம் பேட்ச் 46-க்கு சர்டிஃபிகேட் எழுதினேன். நிறம், அடர்த்தி, உள்ளே இருக்கிற ஆல்ஃபா பைனீன், டெர்பினியால் அளவு – இந்த மூன்று வரியையும் கருவிகள் பார்த்துக்கொள்ளும், மூன்றாவதை ஜி.சி. மெஷின் கோடு போட்டே காட்டிவிடும். நாலாவது வரி மட்டும் மெஷினுக்கு இல்லை, எனக்கு. 'வாசனை: பைன் மரத்துக்கு உரியது, சரி.' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசனை பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றுதான்.

ஜூலை 26 காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. இன்றோடு நாற்பத்தெட்டு நாள். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

பால் அடிப்பிடித்து அடுப்படியே புகைந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கமலினி ஓடி வந்து அணைத்தாள். "தீயற வாசனைகூட வரலையாம்மா உனக்கு?" ஜலதோஷம் என்றேன். மகளிடம் சொல்கிற மூன்றாவது ஜலதோஷம் இது.

செப்டம்பர் 14, சனி

பூந்தமல்லியில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறார்கள்தான். ஆனால் இங்கே காட்டினால், என் கணவரோடு கோவிலில் பிரபந்தம் பாடுகிற கோஷ்டியில் நிற்கிற யாராவது ஒருத்தர் கண்ணில் பட்டு, ராத்திரி சாத்தமுது பரிமாறுவதற்குள் விஷயம் இவர் காதுக்கு வந்துவிடும்.

காய்ச்சலின் கிருமி மூக்கு நரம்பைக் கெடுத்திருக்கலாமாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். தினமும் காலையில் நாலு வாசனையை மோந்து பார்த்து மூக்குக்குப் பழக்கம் கொடுக்கச் சொன்னார் – ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். எனக்குச் சிரிப்பு வந்தது. எலுமிச்சைக்கு உள்ளே இருப்பது லிமோனீன், யூகலிப்டஸுக்கு உள்ளே இருப்பது சினியோல். எல்லாம் என் லேப் அலமாரியில் சுத்த சரக்காகக் குட்டி பாட்டிலில் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அதோடுதான் குடித்தனம்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார்?

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. கோவிலில் கூட்டம் நெரித்தது. தீர்த்தம் வாங்கிக் குடித்தேன். வெறும் தண்ணீர். பச்சைக் கற்பூரம் இல்லை, ஏலக்காய் இல்லை, துளசி இல்லை. இவர் பக்கத்தில் நின்று உள்ளங்கையைத் தலையில் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குக் கற்பூரம் தூக்கலா இருக்கு இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு ஆமாம் என்றேன்.

பயமாக இருக்கிறது. மூக்கு போனதற்கு இல்லை. மூக்கு இல்லாமல் நான் யார் என்பதற்கு. மேனேஜர் காசிராஜன் சரக்கு வாங்க வருகிறவர்களை லேபுக்கு அழைத்து வந்து என்னைக் காட்டுவார் – "வேங்கடலக்ஷ்மி மேடம். இவங்க மூக்குக்கிட்ட மெஷின் பிச்சை வாங்கணும் சார்." நானும் மரச் சீவல் ஒன்றை எடுத்து மோந்து, இது ஜெர்மன் பெட்டி, இது நியூசிலாந்துப் பெட்டி என்று சொல்லிக் காட்டுவேன். கை தட்டாத குறையாகப் பார்ப்பார்கள். கர்வம்தான். இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். சுகப்பிரியா. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, ஊர் களியக்காவிளைப் பக்கம். மண்ணூரில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஆறு மாசம் தகுதிகாண் காலம், நான் சரி என்றால்தான் நிரந்தரம். பேச்சில் பாதி மலையாளம் கலந்த மாதிரி ஒரு ராகம். யார்டு சூபர்வைசர் கோதண்டம் முதல் நாளே அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு நான் மட்டும்தான் மேடம்.

எண்ணெயில் காகிதப் பட்டையை நனைத்துக் கொடுத்து, என்ன தெரிகிறது சொல் என்றேன். முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு கொஞ்சம் கற்பூரம், கடைசியில் மழை நனைந்த மண் என்றாள். சரியாக அதேதான் இருக்க வேண்டும் என்று மெஷின் கோட்டைப் பார்த்தே எனக்குத் தெரியும். நல்ல மூக்கு.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை இல்லை, திருட்டுப் புத்தி. பயிற்சி என்று பெயர் சொல்லி இவளைத் தினமும் மோந்து பார்க்க வைத்தால்?

அக்டோபர் 3, வியாழன்

நடக்கிறது. நான் முதலில் பட்டையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, இரண்டு இழுப்பு இழுத்துத் தலையாட்டுகிறேன். பிறகு அவளிடம் கொடுக்கிறேன். அவள் சொல்வதை ரிஜிஸ்டரில் அவளே எழுதிச் 'சு' என்று போடுகிறாள். அடியில் நான் கையெழுத்து. இனி அந்த வரி பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கிற பார்வையில் அத்தனை மரியாதை. அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஜி.சி. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்திச் சரம். கோதண்டம் பாய்லருக்குப் பூசணிக்காய் உடைத்தார். கற்பூரம் காட்டும்போது, இந்தக் கற்பூரமும் பைன் மரத்து எண்ணெயில் செய்வதுதான் என்று சுகப்பிரியாவிடம் சொன்னேன். கோதண்டம் திரும்பி, "அப்ப நம்ம மரந்தான் சாமிக்கும் போவுது, பினாயிலுக்கும் போவுது" என்றார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

பொரிகடலை கொடுக்கும்போது காசிராஜன் அறிவித்தார். குழந்தைகளின் மார்பில் தேய்க்கிற தைலம் செய்கிற கம்பெனி ஒன்று நம் எண்ணெயைக் கேட்டிருக்கிறதாம். முதலில் மூன்று டிரம். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க. "மேடம் கையெழுத்தை நம்பித்தான் கேக்கறாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

குழந்தைகளின் மார்பில்.

அக்டோபர் 16, புதன்

இரண்டு நாளாக அடைமழை. யார்டில் தார்ப்பாய் கிழிந்து ஒரு அடுக்கு முழுக்க நனைந்துவிட்டது. கோதண்டம் லேப் வாசலில் குடையோடு வந்து நின்றார். "மேடம், ஒரு தபா யார்டுக்கு வாங்களேன். அந்தக் கறுப்பு பார்டர் போட்ட பொட்டிங்க ஒரு மாதிரி கீது. இன்னான்னு எனுக்குச் சொல்லத் தெரியல, நீங்க மோந்து பாத்தா தெரிஞ்சிரும்."

போனேன். குனிந்து ஒரு பலகையை எடுத்தேன், மோந்தேன், வைத்தேன். மழையில் எந்த மரமும் இப்படித்தான், காய வைத்துச் சீவிவிடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, மேடமே சொல்லியாச்சு என்று ஆட்களைக் கூப்பிட்டார்.

முப்பது வருஷம் மரத்தோடு இருக்கிற மனுஷர். அவர் தயங்கினார். நான் தயங்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

பேட்ச் 59. தைலக் கம்பெனிக்குப் போகிறது. மெஷின் கோடு அத்தனை சுத்தம், எல்லா உச்சியும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. லாரி கேட்டில் நின்றுகொண்டிருந்தது, காசிராஜன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். வழக்கம்போல நான் பட்டையை மோந்து தலையாட்டிவிட்டு சுகப்பிரியாவிடம் நீட்டினேன்.

"மணக்கு மேடம்" என்றாள்.

"நன்னா மணக்கறதா?"

"நல்லாவே மணக்கு."

எழுது என்றேன். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எழுதட்டுமா என்று இன்னொரு தடவை கேட்டாள். எழுதும்மா, லாரி நிற்கிறது என்றேன். எழுதினாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் ஸ்நானம், பட்சணம், பட்டாசுப் புகை. எதுவும் இல்லை, எனக்கு எதுவுமே இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மூன்று டிரம்மும் திரும்பி வந்துவிட்டன. அதில் ஒன்று பாதி காலி, அந்தப் பாதியை அவர்கள் ஏற்கெனவே தைலத்தில் கலந்துவிட்டார்களாம். நல்லவேளை, பாட்டிலில் அடைப்பதற்கு முன்னால் அங்கே ஒருத்தர் மோந்து பார்த்திருக்கிறார். கலந்தது அத்தனையும் வீண்.

காசிராஜன் எல்லோரையும் டிரம் பக்கத்தில் கூப்பிட்டார். மூடியைத் திறந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோதண்டம் துண்டால் மூக்கைப் பொத்தினார். டிரைவர்கூடப் பின்னால் நகர்ந்தார். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் ஞாபகம் வந்து நானும் முகத்தைச் சுளித்தேன். எல்லோருக்கும் ஒரு நொடி பிந்தி. சுகப்பிரியா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நனைந்த கோணியை மூட்டையாகக் கட்டி மாசக்கணக்கில் வைத்த நாற்றமாம். கோதண்டம் சொன்னார். கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. சில நாட்டில் மரம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு மருந்தில் முக்குவார்கள். மழையில் நனைந்தால் பூஞ்சை அந்த மருந்தையே தின்று வேறொன்றாக மாற்றிவிடும். அது துளியினும் துளி இருந்தால் போதும், எண்ணெய் முழுக்க நாறும். அவ்வளவு சின்ன அளவு எங்கள் மெஷினுக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும். அதற்காகத்தானே அந்த நாலாவது வரி.

காசிராஜன் ரிஜிஸ்டரைப் புரட்டினார். 'வாசனை: சரி. சு.' அந்தப் பெண்ணை அங்கேயே நிறுத்திக் கேட்டார். "மணக்குன்னுதான் சார் சொன்னேன்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, பாருங்க மேடம், இதப் போயி மணக்குதுன்னு சொல்லியிருக்கு என்றார்.

நான் குனிந்து டிரம் மூடியைத் திருகி மூடினேன்.

நவம்பர் 6, புதன்

காலையில் லேபில் நாங்கள் இருவர் மட்டும். சுகப்பிரியா, உங்க ஊர்ல மணம்னா என்ன என்று கேட்டேன்.

"மணம்னா மணம்தான் மேடம். நல்ல மணமும் உண்டு, சீத்த மணமும் உண்டு. அழுகுனதும் மணக்கும், பூவும் மணக்கும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க முதல்ல மோந்து பாத்துட்டுத் தலையாட்டுனீங்கல்லா. இந்த எண்ணெய்க்கு இதுதான் சரியான மணம் போலன்னு நெனச்சேன். அதான் ரெண்டு மட்டம் கேட்டேன், எழுதட்டான்னு."

எங்களுக்கு மணம் என்றால் நல்லது மட்டும். கெட்டதற்கு நாத்தம் என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். அவளுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். அவள் 'நாறுது, அதிகமாகவே நாறுது' என்று சொல்லியிருக்கிறாள். என் காதில் 'கமகமவென்று இருக்கிறது' என்று விழுந்திருக்கிறது.

சரி, சொல் மாறிப்போச்சு. ஆனால் சொல் மேல் பழி போட்டால் தீர்ந்துவிடுமா? எனக்கு மூக்கு இருந்திருந்தால் அவள் என்ன பாஷையில் சொன்னால் என்ன?

அவளிடம் இதைச் சொல்ல வாய் திறந்தேன். பரவாயில்லை போய் வேலையைப் பார் என்றுதான் வந்தது.

நவம்பர் 8, வெள்ளி

தைலக் கம்பெனி எழுத்தில் காரணம் கேட்டிருக்கிறது. காசிராஜன் என்னையே அறிக்கை எழுதச் சொன்னார். புதுப் பெண்ணின் அனுபவமின்மை, அவளை நீக்கிவிட்டோம், இனி நடக்காது – இந்த மூன்று வரி இருந்தால் போதுமாம். "நீங்க இருக்கும்போது அந்தப் பொண்ண ஏன் மேடம் நம்புனீங்க?" என்று வேறு கேட்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜூலையிலிருந்து. இவர் பேங்க்கிலிருந்து வந்த சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே உட்கார்ந்து கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "ஏன் எங்கிட்ட சொல்லலே" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் ரொம்ப நிதானமாக, அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு, ஒரகடத்தில் எத்தனையோ கம்பெனி இருக்கு, உனக்கு இந்த வயசில் மூக்கு இல்லாம யார் வேலை கொடுப்பா என்றார்.

நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் அசிங்கமாக இருந்தது.

நவம்பர் 9, சனி

எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வரியும் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கிக் கழுவினேன்.

நவம்பர் 11, திங்கள்

சுகப்பிரியாவுக்குச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பட்டைகளை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், போறதுக்கு முன்னால எனக்க மூக்குல என்ன கொறைன்னு பாத்துச் சொல்லித் தருவீங்களா? அடுத்த எடத்துல இந்தத் தப்பு வரப்பிடாது."

என்னிடம் கேட்கிறாள். உன் மூக்கில் என்ன குறை என்று என்னிடம்! ஹாஸ்டலில் சாப்பாட்டைக்கூட மோந்து மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுத்தான் சாப்பிடுகிறாளாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

என் மூக்கு காய்ச்சலில் போச்சு. அவள் மூக்கை நான் பிடுங்கிக்கொண்டேன். இது தப்பு இல்லை, இதற்கு வேறு பெயர்.

நவம்பர் 12, செவ்வாய்

காசிராஜனிடம் போய்ச் சொன்னேன். எனக்கு வாசனை தெரியாது சார், ஜூலையிலிருந்து. அந்தப் பெண் சரியாகத்தான் சொன்னாள், நான்தான் எழுதச் சொன்னேன்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். "இதை வேற யாருக்குச் சொன்னீங்க?" வீட்டில் மட்டும் என்றேன். "அங்கயே நிக்கட்டும். ஜூலைலேருந்து எத்தன பேட்ச் போயிருக்கு? உங்க மூக்கு போச்சுன்னு வெளில தெரிஞ்சா அத்தனையும் திரும்பி வரும் மேடம். அந்தப் பொண்ணு எப்படியும் போகுது. நீங்க எப்பவும்போல வாங்க, கையெழுத்துப் போடுங்க. ட்ரீட்மெண்ட் எடுங்க, சரியாயிடும்."

அதாவது, உண்மையைச் சொன்னதற்குப் பரிசாக அதே பொய்யைத் திரும்பக் கையில் கொடுத்துவிட்டார். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி.

எண்ணிப் பார்த்தேன். பேட்ச் 31-லிருந்து 64 வரை. முப்பத்து நாலு.

நவம்பர் 13, புதன்

முதலில் சுகப்பிரியாவிடம் சொன்னேன். உன் மூக்கில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் மூக்கே இல்லை. தினமும் உன் எதிரில் நான் போட்டது வேஷம்.

கையிலிருந்த பட்டையை மேஜையில் வைத்தாள். "எனக்க அம்மைகிட்ட நான் தப்பு செய்துட்டேன்னு பறஞ்சிட்டேனே மேடம்" என்றாள். அவ்வளவுதான். மத்தியானம் என்னோடு சாப்பிட வரவில்லை. சரிதான். ஏன் வர வேண்டும்?

அப்புறம் தைலக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்க்கிற மோகனுக்கு மெயில் எழுதினேன். சனிக்கிழமை அனுப்பிய அறிக்கை பொய், எழுதியது நான், காரணம் இது, முப்பத்து நாலு பேட்சிலும் வாசனை வரி நம்பத்தக்கது இல்லை. பத்து வரிக்கு இரண்டு மணி நேரம் ஆச்சு. காசிராஜனுக்கும் ஒரு நகல் போட்டேன். கூடவே ராஜினாமா.

இவரிடம் சொன்னபோது, செஞ்சுட்டியா என்றார். செஞ்சுட்டேன் என்றேன். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சூடு மட்டும் தெரிந்தது.

நவம்பர் 14, வியாழன்

காசிராஜன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோதண்டம் மட்டும் லேபுக்கு வந்தார். "அன்னிக்கு மழைல கூப்ட்டேனே மேடம். தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த மரத்தத் தள்ளி வச்சிருப்பேனே." அவர் குரலில் கோபம்கூட இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 15, வெள்ளி

மோகனிடமிருந்து பதில். ஒவ்வொரு பேட்சிலும் நாங்கள் லேபில் எடுத்துவைக்கிற குட்டி பாட்டில் சாம்பிள் முப்பத்து நாலையும் வாசனை தெரிந்த ஒருத்தர் மறுபடி பார்க்க வேண்டும். அவர் தேர்ந்தெடுக்கிற சில பாட்டில் சென்னையில் பெரிய மெஷின் வைத்திருக்கிற வெளி லேபுக்கும் போக வேண்டும். அதுவரை சரக்கு வேண்டாம். அதற்குப் பிறகும் வேண்டுமா என்பதை அப்போது சொல்வாராம்.

வாசனை தெரிந்த ஒருத்தர் இந்தக் கம்பெனியில் யார் இருக்கிறார்கள்? காசிராஜனே சுகப்பிரியாவைக் கூப்பிட்டு, போக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. என் ராஜினாமாவையும் டிராயரில் போட்டு வைத்திருக்கிறார். இது முடிகிற வரைக்கும் என்றார்.

நவம்பர் 20, புதன்

மூன்று நாளாக அதே வேலை. பாட்டில் மேலிருந்த பேட்ச் நம்பரை மறைத்து, வரிசையைக் கலைத்து, நான் ஒவ்வொன்றாக நீட்டினேன். அவள் மோந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் நாள் அவளால் முடியவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திடமாச்சு. எலுமிச்சை, கற்பூரம், மண். எலுமிச்சை, மண். நன்றாக இருந்தால், 'இது கொள்ளாம்' என்பாள்.

மொத்தம் மூன்று பாட்டில் சீத்த மணம் என்றாள். உறுதியா என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு நம்பரைப் பிரித்தேன். ஒன்று 59. மற்றது 36, 43. இரண்டும் ஆகஸ்ட். அவள் இந்த ஊர் பஸ்ஸே ஏறாத நாளில் நான் தனியாகச் 'சரி' என்று எழுதி அனுப்பியவை. ஃபினாயிலுக்குப் போனதால் யாரும் கவனிக்கவில்லை.

ரிஜிஸ்டரை எடுத்து அந்த இரண்டு தேதியிலும் சிவப்பு மையில் அடித்துத் திருத்தி, முழுப் பெயர் எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்று மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

நவம்பர் 30, சனி

புயல். லீவு. வெளி லேபிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் சொன்னதில் ஒன்று தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று நாள் முழுக்க மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

டிசம்பர் 5, வியாழன்

டாக்டர் சொன்ன பயிற்சிக்கு வைத்திருக்கிற நாலு பாட்டிலையும் காலையில் மோந்தேன். எதுவும் இல்லை. இனி மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

டிசம்பர் 10, செவ்வாய்

வெளி லேப் முடிவு வந்துவிட்டது. மோகன் பத்து பாட்டிலை எடுத்து நம்பர் இல்லாமல் அனுப்பியிருக்கிறார். மூன்றில் அந்தப் பூஞ்சைச் சமாசாரம் இருக்கிறது, ஏழில் இல்லை. சுகப்பிரியா சொன்ன அதே மூன்று. காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். வெளியே போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசியது கேட்கவில்லை, ஆனால் சுவரைப் பார்த்து நின்று பேசினாள், நடுவில் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கோட்டு வரைபடத்தைப் புரட்டுகிற மாதிரி இருந்தேன்.

மோகன் ஒரு டிரம் மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். வாசனை வரியில் சு. கையெழுத்து இருந்தால்.

டிசம்பர் 12, வியாழன்

காசிராஜன் கூப்பிட்டார். சுகப்பிரியா நிரந்தரம். லேப் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்படுகிறது, மெஷினை மட்டும் பார்த்துக்கொள்ளலாம், விருப்பம் இருந்தால். ராஜினாமாவை மேஜை மேல் என் பக்கமாக நகர்த்திவைத்தார். எடுத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

மார்கழிக் குளிர். காலையில் ஒரு லோடு வந்து இறங்கியது. சுகப்பிரியா ஜன்னல் பக்கம் பட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தாள், நான் மெஷினைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். யார்டிலிருந்து கோதண்டம் குரல் கொடுத்தார். "மேடம், கொஞ்சம் வாங்க. இந்தப் பலகைய ஒரு தபா மோந்து பாத்து சொல்லுங்க."

நான் எழுந்துவிட்டேன். கதவு வரைக்கும் போய்விட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகப்பிரியா கத்திரியை வைத்துவிட்டு, "இதா வாறேன் அண்ணா" என்று என்னைக் கடந்து படி இறங்கிப் போனாள்.

திரும்பி வந்து அடுத்த சாம்பிளை மெஷினில் ஏற்றினேன்.